'விந்தணு இல்லை' என்ற அறிக்கையோடு வருபவர்களுக்கு

விந்துப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்ன தவறு செய்தேன், டாக்டர்?" என்று கேட்கும் ஆண்கள் அதிகம். இளமைப் பழக்கம் ஒன்றைக் காரணமாக எண்ணி ஆண்டுக்கணக்கில் குமைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது விந்தணு எப்படி உருவாகிறது என்பதைத்தான்.

விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. கடைசிக் கட்டத்தில் புரோட்டமின் என்ற சிறு புரதம் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டிவிடும். அதன்பின் மரபணுக்களிலிருந்து புதிதாக ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான நகல், எடுக்க முடியாது. ஆனால் வால் வளர்வது, தலை வடிவம் பெறுவது என வேலை இன்னும் மிச்சமிருக்கும். அதற்குத் தேவையான ஆர்.என்.ஏ.வைச் செல் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. அதைப் பற்றிக்கொண்டு, சிதையாமல் காத்து, உரிய வேளை வரும்வரை புரதமாக மாறவிடாமல் நிறுத்தி வைப்பவை ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்கள். புரோட்டமினுக்கான ஆர்.என்.ஏ.வும் இப்படித்தான் நாள் கணக்கில் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பைக் குலைத்தால் என்ன ஆகும் என்பதை 1995இல் எலிகளில் சோதித்தார்கள். புரோட்டமின் வேளைக்கு முன்பே உருவானது. உட்கரு முந்தி இறுகியது. விந்தணு வளர்ச்சி பாதியில் நின்றது. தேவையான புரதம்தான், வந்த நேரம்தான் தவறு. எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

விந்தணு இல்லாத ஆண்கள் சிலரிடம் ஒய் குரோமோசோமின் ஒரு துண்டு இருப்பதில்லை; அங்கிருக்க வேண்டிய டி.ஏ.இசட். என்ற மரபணு அதே ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அந்த மரபணு உருவாக்குவதும் ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதமே. பிறப்பதற்கு முன்பே நேர்ந்துவிடும் இந்த இழப்புக்கு எந்தப் பழக்கமும் காரணமல்ல.

அடைப்பு ஏதுமின்றி விந்தணு இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால், ஒய் குரோமோசோம் துண்டிழப்புக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஒய் குரோமோசோம் பகுதிகளை 'ஏ', 'பி', 'சி' என்று பிரிப்போம். டி.ஏ.இசட். இருக்கும் 'சி' பகுதி மட்டும் இல்லையென்றால், விரையிலிருந்து விந்தணு எடுக்க வாய்ப்பு உண்டு. 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுவதும் இல்லையென்றால் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. வீண் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மட்டும் தயவுசெய்து நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது இருக்கும் விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும்.

எடுத்த விந்தணுவால் மகன் பிறந்தால் இதே இழப்பு அவனுக்கும் போகும். இதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்.