அவன் சுடும்போது நாம் ஏன் அவன் பக்கம் நிற்கிறோம்?

1974 பிப்ரவரி என்று தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ என்ற அமெரிக்கக் காமிக்ஸின் 129ஆம் இதழில் ஒரு புது ஆள் வந்தான். கறுப்பு உடை, மார்பை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மண்டையோடு, கையில் துப்பாக்கி. பெயர் பனிஷர், அதாவது தண்டிப்பவன். கதையை எழுதிய ஜெர்ரி கான்வேக்கு அப்போது வயது 21. அந்தக் கதையில் பனிஷர் வேட்டையாடுவது ஸ்பைடர்மேனை. நார்மன் ஆஸ்பார்ன் என்பவரைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று அவன் உறுதியாக நம்புகிறான். அது பொய் என்று தொடர்ந்து படித்துவந்த எல்லோருக்கும் தெரியும். ஜாக்கல் என்ற வில்லன் அவனைத் தூண்டிவிட்டுத் தன் காரியத்தைச் சாதிக்கப் பார்க்கிறான்.

காமிக்ஸ் உலகில் சட்டத்தைத் தன் கையில் எடுத்தவர்களில் மிகப் புகழ்பெற்ற ஒருவன், முதல் கதையிலேயே தவறான ஆளைக் குறிவைத்தான். இந்தத் தகவலைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1986இல் பனிஷருக்குத் தனித் தொடர் கிடைத்தது. 1988இல் அவனுடைய போர்க் குறிப்பேடு என்ற பெயரிலேயே இன்னொரு தொடர் வந்தது. ஆள் அதே ஃப்ராங்க் காஸில் (பனிஷரின் இயற்பெயர்), தொழிலும் அதே கொலைதான். ஆனால் வாசகர்கள் இப்போது அவன் பக்கம். இடையில் அவன் திருந்திவிடவில்லை. நாம் நிற்கும் இடம்தான் மாறியிருந்தது. 129ஆம் இதழில் துப்பாக்கியின் முன்னால் நின்றோம். தனித் தொடரில் அதன் பின்னால் போய் நின்றோம்.

ஒரு கதாபாத்திரத்தோடு ஒன்றிப்போவது என்பதை ஊடக உளவியல் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது. ஜொனாதன் கோஹன் 2001இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. ஒருவனைப் பிடிப்பதும் அவனோடு ஒன்றுவதும் வேறு வேறு என்கிறார் அவர். பிடிக்கும்போது நாம் வெளியே இருந்து பார்க்கிறோம். ஒன்றும்போது நம்மைச் சற்று நேரம் மறந்து, அவனுக்குத் தெரிந்ததை மட்டும் தெரிந்துகொண்டு, அவன் விரும்புவதை விரும்பி, அவன் பதறும்போது பதறுகிறோம். அவனைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்ற கேள்வியே அந்த நேரத்தில் எழுவதில்லை.

காமிக்ஸ் இதை எப்படிச் சாதிக்கிறது என்பதற்கு ‘வாட்ச்மென்’ தொடரின் முதல் பக்கத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986–87இல் 12 இதழ்களாக வந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரு நடைபாதை. ரத்தத்தில் கிடக்கும் மஞ்சள் சிரிப்புமுகப் பொத்தானிலிருந்து காட்சி மெல்ல மேலே மேலே போகிறது. ஓரத்தில், கிழித்த தாளில் எழுதியது போன்ற நாட்குறிப்புத் துண்டுகள். தேதி 1985 அக்டோபர் 12. எழுதுபவன் பெயர் ரோர்ஷாக் என்று மட்டும் இருக்கிறது, அவன் யார் என்று சொல்லப்படுவதில்லை. கீழே உலகம் அழியப்போகிறது என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் அந்த ரத்தத்தை மிதித்து நடந்து போகிறான். பைத்தியக்காரன் என்று நினைத்து நாம் கடந்துவிடுகிறோம். பல இதழ்கள் கழித்துத்தான் தெரியும், நாட்குறிப்பு எழுதும் முகமூடிக்காரன் ரோர்ஷாக்கும் பலகை தூக்கிய அந்த ஆளும் ஒருவனே என்று.

அவனைப் பார்த்தும் நமக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அதே நேரத்தில் அவன் மனதுக்குள் உட்கார்ந்து அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப்போயிருப்போம். அதற்குள் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டோம்.

உள்ளே போனபின் மனசாட்சி என்ன செய்கிறது? கதாபாத்திரங்களின் நடத்தையை வாசகர் விடாமல் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார், நல்லவன் என்று பட்டால் விரும்புகிறார் என்பது டால்ஃப் ஸில்மன் முன்வைத்த கொள்கை. ஆர்தர் ரேனி 2004இல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஏராளமான கதைகளைக் கேட்டுப் பழகியதால், யார் நாயகன் என்பதை வந்த மாத்திரத்தில் கண்டுகொண்டு முதலில் விரும்பிவிடுகிறோம், நியாயத்தைப் பிறகு அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறோம் என்றார். எனக்கு இந்த விளக்கம்தான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. சிறு வயதில் லயன் காமிக்ஸில் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, வேறு ஆள்) கதைகளைப் படித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன் அவன். ஆனாலும் போலீஸ் நெருங்கும்போது, எப்படியாவது தப்பித்துவிடு என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்படி வளைப்பதற்கு மனம் பயன்படுத்தும் வழிகளை ஆல்பர்ட் பண்டூரா வரிசைப்படுத்தியிருக்கிறார். அவர் ஆராய்ந்தது கதை வாசகர்களை அல்ல. சாதாரண மனிதர்கள் கொடுமை செய்துவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பதை. செயலுக்கு ஓர் உயர்ந்த நோக்கம் சொல்வது, மென்மையான பெயர் வைப்பது, இதைவிட மோசமான ஒன்றோடு ஒப்பிடுவது, அடிபடுபவனையே குற்றம் சொல்வது, அவனை மனிதனாகவே கருதாதது என்று அந்தப் பட்டியல் போகிறது. இதை எடுத்துக்கொண்டு ஒரு பனிஷர் கதையைப் படித்துப் பாருங்கள். ‘கொலை’ என்ற சொல்லுக்குப் பதில் ‘தண்டனை’ அவன் பெயரிலேயே இருக்கிறது. சுடப்படும் அடியாட்களுக்குப் பெயர் கிடையாது, வீடு கிடையாது, காத்திருக்கும் பிள்ளை கிடையாது. டேனியல் ஷாஃபரும் ரேனியும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்நாயகக் கதைகளை ரசிக்கும்போது பார்வையாளர் மனதில் இதே வழிகள் வேலை செய்வதாகக் காட்டியது.

எவ்வளவு தண்டனை கொடுத்தால் நமக்குத் திருப்தி? ஸில்மனும் ஜென்னிங்ஸ் பிரயன்ட்டும் 1975இல் குழந்தைகளுக்கு ஒரு தேவதைக் கதையைக் காட்டினார்கள். ஒரு வடிவத்தில் கெட்டவனுக்கு மிக லேசான தண்டனை, இன்னொன்றில் செய்ததற்குத் தக்க தண்டனை, மூன்றாவதில் அளவுக்கு மீறிய தண்டனை. 4 வயதுக் குழந்தைகளுக்குத் தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு மகிழ்ச்சி. 7, 8 வயதுக்காரர்களுக்கு அளவோடு இருந்தால்தான் பிடித்தது. ஏழெட்டு வயதிலேயே நமக்குள் ஒரு தராசு வந்துவிடுகிறது என்று பொருள்.

அப்படியானால் ஓர் ஆளை உயிரோடு எரிப்பதை வளர்ந்த வாசகரை ஏற்கவைக்க ஒரே வழிதான் உண்டு. தராசின் மறுதட்டில் குற்றத்தை அந்த அளவுக்குக் கனமாக்க வேண்டும். ‘வாட்ச்மென்’ ஆறாம் இதழ் அதைத்தான் செய்கிறது. கடத்தப்பட்ட ஒரு சிறுமியைத் தேடி ரோர்ஷாக் ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் போகிறான். பல படக்கட்டங்களில் பேச்சே இல்லை. அடுப்பைத் திறக்கிறான். சன்னல் வழியே கொல்லையில் நாய்கள் எதையோ பிடித்து இழுப்பதைப் பார்க்கிறான். நமக்கும் அவனுக்கும் ஒரே கணத்தில் புரிகிறது. அதன்பின் கொலைகாரன் வீடு திரும்பும்போது வழக்கு, சாட்சி, வக்கீல் என்று எதையும் நாம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கணத்தில் மூளைக்குள் நடப்பதையும் ஓரளவு பார்த்திருக்கிறார்கள். 2004இல் சூரிக்கில் நடந்த ஆய்வில், பணம் பகிரும் விளையாட்டில் ஏமாற்றியவனைத் தண்டிக்கும் வாய்ப்பு கிடைத்தபோது, இன்பத்தையும் வெகுமதியையும் எதிர்பார்க்கையில் இயங்கும் மூளைப்பகுதி இயங்கியது. தன் கைக்காசு செலவானாலும் தண்டிக்க முன்வந்தார்கள். 2006இல் லண்டனில் தானியா சிங்கர் குழுவினர் 32 பேரை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. நேர்மையாக விளையாடியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டபோது, பார்த்தவரின் மூளையிலும் வலியோடு தொடர்புடைய பகுதிகள் இயங்கின. ஏமாற்றியவருக்குக் கொடுத்தபோது, குறிப்பாக ஆண்களிடம், அந்த இரக்கம் வெகுவாகக் குறைந்தது. வெகுமதிப் பகுதி இயங்கியது. 32 பேரை வைத்து ஆண் இயல்பு, பெண் இயல்பு என்று பெரிய முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் ‘இவன் அநியாயக்காரன்’ என்ற ஓர் எண்ணமே அடுத்தவர் வலியை நாம் உணரும் விதத்தை மாற்றுகிறது என்பது அசைக்க முடியாத செய்தியாக எனக்குத் தோன்றுகிறது.

எல்லாமே ‘இவன்தான் செய்தான்’ என்ற உறுதியின் மேல் நிற்கிறது. கதையில் அந்த உறுதியை நமக்குத் தருபவர் எழுத்தாளர். நாமே கண்ணால் பார்த்துவிடுகிறோம். வாழ்க்கையில் அப்படிப் பார்க்கும் பாக்கியம் நீதிபதிக்கும் கிடையாது. அமெரிக்காவில் சாட்சி, விசாரணை, ஜூரி என்று அத்தனையும் நடந்து தண்டிக்கப்பட்டவர்களில் 300க்கும் மேற்பட்டோர், 1989 முதல் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறார்கள். சிலர் மரண தண்டனைக்குக் காத்திருந்தவர்கள். தண்டிக்கப்பட்ட அவர்களில் பலரை யாரோ ஒருவர் முழு உறுதியோடு அடையாளம் காட்டியிருப்பார். 129ஆம் இதழின் பனிஷரும் அப்படித்தான் உறுதியாக இருந்தான்.

ஆலன் மூர் ரோர்ஷாக்கை ஓர் எச்சரிக்கையாகவே படைத்தார். இப்படிப்பட்ட ஒருவன் நிஜத்தில் இருந்தால் குளிக்காமல், நட்பில்லாமல், மனம் சிதைந்துதான் இருப்பான் என்று காட்ட நினைத்தார். வாசகர்களோ தெருவில் அவரை நிறுத்தி, அது என் கதை, நான்தான் ரோர்ஷாக் என்றார்கள். மூருக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கிறது. எனக்கு அந்த வாசகர்கள்மேல் கோபம் வருவதில்லை. ரெபெக்கா க்ராஸும் டெரெக் ரக்கரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: நிஜத்தில் கெட்ட பெயர் எடுத்த ஒருவரோடு நம்மை ஒப்பிட்டால் கூசுகிறோம், கதை என்று வந்துவிட்டால் அந்தக் கூச்சம் விலகி, நம்மைப்போன்ற குணமுள்ள வில்லன்களிடம் ஈர்க்கப்படுகிறோம். ரோர்ஷாக்கின் குழந்தைப் பருவம் அடியும் அவமானமும் நிறைந்தது. தனிமையில் வாடும் ஒருவர், யாருக்கும் வளைந்துகொடுக்காத அந்தப் பிடிவாதத்தில் தன்னைக் கண்டுகொள்வது ரத்தவெறி அல்ல. ஒன்றிப்போவது வன்முறையோடுதான் என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலான வாசகர்களுக்குச் செய்யும் அநீதி.

பழிவாங்கினால் ஆறுதல் கிடைக்குமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கெவின் கார்ல்ஸ்மித் குழுவின் 2008 ஆய்வில், ஏமாற்றியவரைத் தண்டித்தால் மனம் லேசாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தண்டித்தவர்கள், தண்டிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம், அவர்களால் அந்த ஆளை நினைப்பதை நிறுத்த முடியவில்லை. பனிஷர் கதைகள் இந்த ஒரு விஷயத்தில் நேர்மையானவை. தன் குடும்பத்தைக் கொன்றவர்களைத் தீர்த்த பிறகும் காஸில் ஓய்வதே இல்லை.

கவலை எழுவது அந்த மண்டையோடு காகிதத்தை விட்டு இறங்கும்போது. ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் சிலர் அதை அணிந்தார்கள். 2017இல் கென்டக்கியின் கேட்லெட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் போலீஸ் கார்களில் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். சட்டம் தோற்றுவிட்டது என்பதன் அடையாளம் அது, சட்டத்தைக் காப்பவர்கள் அதை அணியலாமா என்று கான்வே பலமுறை வருந்திச் சொல்லியிருக்கிறார்.

2019இல் வெளிவந்த 13ஆம் பனிஷர் இதழில் ஒரு காட்சி. இரண்டு காவலர்கள் காஸிலை வழியில் பார்க்கிறார்கள். கைது செய்யவில்லை. பூரிப்போடு தங்கள் காரில் ஒட்டியிருக்கும் மண்டையோட்டைக் காட்டுகிறார்கள். காஸில் அதைக் கிழித்தெறிகிறான். நீங்கள் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தவர்கள், நான் அதை எப்போதோ கைவிட்டவன், பின்பற்ற ஆள் வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான்.

2020 கோடையில் நிறவெறிக்கு எதிரான போராட்டங்களின்போது, காவலுக்கு நின்ற சில காவலர்களின் உடையில் அந்த மண்டையோடு இருந்தது. 2021 ஜனவரி 6 அன்று, வாஷிங்டனில் காவலர்களை அடித்துத் தள்ளிக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் சிலர் அதையே அணிந்திருந்தார்கள்.