கவுண்ட்டவுன்: சுழியில் முடிவதும் ஒன்றில் முடிவதும்

'நேயர்கள் மிகவும் விரும்பிய பத்து அறிவியல் புனைவுத் தொடர்கள்' என்று தொலைக்காட்சியில் ஒரு கவுண்ட்டவுன் வந்தால், அது பத்தாம் இடத்தில் தொடங்கி முதலிடத்தில் முடியும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் கவுண்ட்டவுன் தொடங்கியது என்ற செய்தியும் அப்படியே புரிகிறது. ஆனால் பின்னதில் இறங்குவது கடிகாரம். முன்னதில் இறங்குவது பட்டியல். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவதால்தான் எந்தச் சொல்லும் பொருந்தாமல் போகிறது.

சொல்லின் கட்டமைப்பு எளிது. ஆங்கிலத்தில் 'கவுண்ட்' என்றால் எண்ணுதல், 'டவுன்' என்றால் கீழே. இரண்டும் ஒட்டி ஒரே பெயர்ச்சொல்லாகி, 1950களில் அமெரிக்காவின் ராக்கெட், அணுகுண்டுச் சோதனைக் களங்களின் வழியாகப் பொதுவழக்குக்கு வந்தது. வழக்கம் அதற்கும் மூத்தது. ராக்கெட்டையும் பின்னோக்கி எண்ணுவதையும் மக்கள் மனத்தில் இணைத்தது ஓர் அறிவியல் புனைவுத் திரைப்படம்.

1929 அக்டோபரில் பெர்லினில் வெளியானது, ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'ஃபிரௌ இம் மோண்ட்'. நிலவில் ஒரு பெண் என்று பொருள். ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த் அதற்கு ஆலோசகர். படம் ஊமைப்படம். ராக்கெட் கிளம்பப்போகிறது என்பதைக் குரலால் உணர்த்த வழியில்லை. ஆகவே எழுத்து அட்டைகளில் விநாடிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, 'இப்போது' என்று முடித்தார் லாங். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனால் எப்போது வெடிக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இறங்கி வந்தால் தெரிந்துவிடும் என்பது அவர் பின்னாளில் சொன்ன விளக்கம்.

இந்த விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று ஏறித்தான் எண்ணுகிறார்கள். இருந்தும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லை மூன்று என்று எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் காரணம். எல்லை தெரியாத இடத்தில்தான் இறங்கி எண்ண வேண்டியிருக்கிறது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் 'கீழே' என்பதில் இல்லை; முடிவு முன்கூட்டியே தெரிவதில் இருக்கிறது.

ஜெர்மானிய ராக்கெட் பொறியாளர்கள் அந்தப் படத்தை மறக்கவில்லை. 1942 அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுதளத்திலிருந்து முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்த வி-2 போர் ராக்கெட்டின் அடிப்பகுதியில் அந்தப் படத்தின் சின்னம் தீட்டப்பட்டிருந்தது. போருக்குப் பின் அவர்களில் பலர் அமெரிக்கா சென்றார்கள்.

இன்றைய ஏவுதளங்களில் கவுண்ட்டவுன் என்பது பத்து, ஒன்பது என்று ஒலிபெருக்கியில் கேட்கும் குரல் மட்டும் அன்று. எரிபொருள் நிரப்புதல், மின்சுற்றுச் சோதனை, வால்வுச் சோதனை என ஒவ்வொன்றையும் இன்ன மணிக்குள் முடிக்க வேண்டும் என்று வகுத்த நீண்ட வேலைத்திட்டம் அது. சந்திரயான்-3க்கு அது இருபத்தைந்தரை மணி நேரம் நடந்தது. அதை நடுவில் நிறுத்தவும் முடியும். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடங்கள் 24 விநாடிகள் இருந்தபோது கோளாறு தெரிந்து கடிகாரம் நிறுத்தப்பட்டது; ஜூலை 22இல்தான் ஏவினார்கள். 2023 அக்டோபரில் ககன்யான் சோதனைக் கலம் வெறும் ஐந்து விநாடிகள் மீதமிருக்கையில் தானாகவே நின்றது; கோளாறைச் சரிசெய்து அன்று காலையிலேயே பறக்கவிட்டார்கள்.

ஒலிபரப்புத் துறை இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது பொருள் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது: ஆஸ்திரேலியாவில் 1974இல் தொடங்கிய 'கவுண்ட்டவுன்' பாடல்களை வரிசைப்படுத்திய இசை நிகழ்ச்சி; பிரிட்டனில் 1982இல் தொடங்கிய 'கவுண்ட்டவுன்' முப்பது விநாடிக் கடிகாரம் ஓடும் எழுத்து, எண் போட்டி. பெயர் ஒன்று, பொருள் வேறு.

பட்டியலில் இறங்கும் எண் சுழிக்குப் போவதில்லை, ஒன்றில் நின்றுவிடுகிறது. மேலும், எண் இறங்க இறங்கத் தகுதி ஏறுகிறது. இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர் அமீன் சயானி பாடல்களின் இடங்களைப் 'பாய்தான்', அதாவது படி, என்று சொன்னார். அவர் கண்ணுக்கு அது ஏற்றமாகவே பட்டிருக்கிறது. எனக்கும் அதுவே சரியான பார்வை. தமிழ்த் தொலைக்காட்சியோ 'டாப் டென்' என்பதோடு நிறைவடைந்துவிட்டது.

இந்த வகைக் கவுண்ட்டவுன் நேரத்தில் ஓடும் ஊடகத்துக்கே உரியது. 2009இல் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடருக்கான இதழ், அதுவரை வந்த 200 கதைகளை வாசகர் வாக்கால் வரிசைப்படுத்தியது. முதலிடம் பெற்ற கதையும் கடைசி இடம் பெற்ற கதையும் 1984 மார்ச்சில் அடுத்தடுத்து ஒளிபரப்பானவை! சுவையான முடிவுதான். ஆனால் அச்சில் வாசகர் நேரே முதலிடம் உள்ள பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். தொலைக்காட்சியில் காத்திருந்தே ஆக வேண்டும்.

இனி தமிழ்ச்சொற்கள். பட்டியலுக்கு 'தரவரிசை' என்று எழுதுவது தவறில்லை, ஆனால் அதில் திசை இல்லை. பள்ளிக் கணக்குப் பாடத்தில் எல்லாரும் படித்த 'ஏறுவரிசை, இறங்குவரிசை' கையிலேயே இருக்கிறது. 'நேயர் விரும்பிய அறிவியல் புனைவுத் தொடர்கள்: இறங்குவரிசையில் முதல் பத்து' என்றால் பொருள் முழுதாக வந்துவிடுகிறது. ராக்கெட்டுக்கு 'இறங்கெண்ணிக்கை' என்பது என் தேர்வு. இறங்கு, எண்ணிக்கை இரண்டும் புணரும்போது குற்றியலுகரம் கெட்டு இயல்பாகவே சேர்கிறது. 'இறங்குமுக எண்ணிக்கை' என்பதிலும் பிழையில்லை, தலைப்புக்குத்தான் நீளம்.

'ஆட்சிக்குக் கவுண்ட்டவுன் தொடங்கிவிட்டது' என்ற மூன்றாவது வழக்குக்குப் புதுச்சொல்லே வேண்டாம். 'நாள் எண்ணப்படுகிறது' என்பது நம்மிடம் உள்ள தொடர். நாள் எண்ணுவது இங்கே பழைய பழக்கம்தான், ஆனால் திசை வேறு. 'நாளொற்றித் தேய்ந்த விரல்' என்று குறள் 1261 காட்டும் தலைவி எண்ணுவது தலைவன் பிரிந்துபோன பின் கழிந்த நாள்களை. அவன் திரும்பும் நாள் தெரியாதவளால் இறங்கி எண்ண முடியாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இறங்குவரிசை வினைத்தொகை, சேர்த்தே எழுத வேண்டும். 'இறங்கு வரிசை' என்று இடைவெளி விட்டால், வரிசையைக் கீழே இறங்கச் சொல்வதுபோல் ஆகிவிடும்.