கடல் நீரில் மூழ்கிய முட்டை

“சார், நீங்கள் காட்டிய சோதனை எங்கள் ஊரில் பொய்யாகிவிட்டது.”

கடலோரப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு நாங்கள் நடத்திய பயிலரங்கு முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தபோது, அறிவியல் ஆசிரியை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீரும் இன்னொன்றில் உப்புக் கரைசலும் வைத்து முட்டையைப் போட்டுக் காட்டியிருந்தோம். நல்ல தண்ணீரில் மூழ்கியது, உப்பு நீரில் மிதந்தது. நாற்பது ஆசிரியர்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இவர் ஊருக்குப் போய், கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு வாளி கடல் நீரை எடுத்துவரச் செய்து முட்டையைப் போட்டிருக்கிறார். முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

தவறு அவருடையதல்ல, எங்களுடையது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடுதல், அவ்வளவுதான். புது முட்டை மிதக்க அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உப்பு வேண்டும். நாங்கள் ஆய்வகத்தில் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கினோமே தவிர, எவ்வளவு போட்டோம் என்று எடைபோடவும் இல்லை, சொல்லவும் இல்லை. கடலோரப் பள்ளி ஆசிரியர் கடல் நீரைத்தான் எடுப்பார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அன்று வகுப்பில் ஒரு பையன், “டீச்சர், உப்பளத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும்” என்று சொன்னானாம். அவனுடைய அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். “அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை சார்” என்றார் ஆசிரியை. அடுத்த நாளே ஆசிரியையையும் அந்தப் பையனையும் வைத்து அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தோம். பையன் மூன்று பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்தான்: கடலில் ஒன்று, நடுப் பாத்தியில் ஒன்று, உப்பு விளையும் பாத்தியில் ஒன்று. உப்பளத்தில் நீரின் செறிவை ‘டிகிரி’ என்று சொல்வார்கள். கடல் நீர் சுமார் மூன்று டிகிரி, உப்பு விளைவது ஏறக்குறைய 25 டிகிரியில். முதல் பாட்டில் நீரில் முட்டை மூழ்கியது. நடுப் பாத்தி நீரில் நுனியை மேலே தூக்கிக்கொண்டு அடியில் நின்று ஆடியது. மூன்றாவதில் பந்து போல் மேலே வந்து, பத்தில் ஒரு பங்கு வெளியே தெரிய மிதந்தது. ஆவியாதல், செறிவு, அடர்த்தி, மிதப்பு என நான்கு பாடங்களும் ஒரே மேசையில் இருந்தன. இதில் நான் செய்த வேலை முட்டை வாங்கிக் கொடுத்தது மட்டும்.

நான் இயற்பியல் ஆசிரியன். ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிலரங்கு நடத்தும் குழுவில் இருக்கிறேன். அந்த முட்டைக்குப் பிறகுதான் பயிலரங்கு என்பதைப் பற்றி என் எண்ணம் மாறியது. கல்லூரி அரங்கில் திரையில் படம் போட்டு, மதியச் சாப்பாடு போட்டு, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவர் வகுப்பில் தடுமாறும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

இது நம் நாட்டுக்குப் புதிதாகத் தெரியவேண்டிய விஷயமும் அல்ல. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். பயிற்சி கொடுத்ததோடு விடவில்லை. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். அந்தத் திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது. அந்த மாதாந்திரக் கூட்டத்தையாவது நாம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

நம் கரையில் அறிவுக்குப் பஞ்சம் இல்லை. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இவற்றுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பள்ளியிலும் கடல் என்பது பாடநூல் படமாகத்தான் இருக்கிறது. ஆசிரியர்களில் பலர் கடலை ஒட்டாத கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்தும் வெளிமாவட்டங்களிலிருந்தும் மாறுதலில் வருகிறவர்கள். பிள்ளைகள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல், பாக் விரிகுடாவை வடகடல் என்று பிரித்துப் பேசுவார்கள். ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் தென்கடல் ஏன் அமைதியாக இருக்கிறது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வடகடல் ஏன் அடங்கியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நிலத்தின் மறைவில் கடல் அடங்கும் என்ற பருவக்காற்றுப் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களை ஒருமுறை பயிலரங்குக்கு அழைத்திருந்தோம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று ஒரு அம்மா தரையில் பிரித்துப் போட்டார். பக்கத்தில் கரை ஒதுங்கிய கடற்புல் ஒரு கைப்பிடி கிடந்தது. “இது பாசி இல்லை ஐயா, இதற்கு வேர் இருக்கிறது, ஆவுளியா தின்பது இதைத்தான்” என்று தள்ளி வைத்தார். ஆவுளியா என்பது கடற்பசு. பாசிக்கு உண்மையான வேரும் பூவும் கிடையாது, கடற்புல் பூக்கும் தாவரம் என்று நாங்கள் வகைப்பாட்டியலில் நடத்துவது இதைத்தான். உயிரியல் ஆசிரியர்கள் எழுந்துவந்து அந்த அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அன்று எங்கள் நிகழ்ச்சி நிரல் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. நான் தடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பள்ளி ஆய்வக அலமாரிகளில் பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, பாட்டிலில் கடல் அட்டை இவற்றை இப்போதும் பார்க்கிறேன். பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தவை. இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டதற்கே காரணம் அங்குள்ள பவளமும் கடற்புல்லும்தான். “காட்சிக்கு வைக்க எதையாவது எடுத்துவாருங்கள்” என்று வகுப்பில் சொல்லாதீர்கள். படம் எடுக்கட்டும், வரையட்டும், உயிரோடு இருப்பதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து பயிலரங்குக்கு அழைப்பு வந்தால், ஆசிரியர்களே, தயங்காமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கள் பள்ளியில் உள்ள பொருளை வைத்துச் செய்து காட்டுவீர்களா? அடுத்த மாதம் எங்கள் வகுப்புக்கு வருவீர்களா? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அழுத்திக் கேளுங்கள். பயணச் செலவு, விடுப்பு என்று நாங்கள் சாக்குச் சொல்வோம். விட்டுவிடாதீர்கள்.

எங்கள் குழு அடுத்து எடுப்பது ஏற்றவற்றப் பாடம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது பற்றிய பாடம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. அதனால் அரங்கில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சென்டிமீட்டர் குறித்த சவுக்குக் கம்பு ஒன்றைக் கரையோரத் தண்ணீரில் நட்டு, அமாவாசையன்று ஒரு பகலும், அதிலிருந்து எட்டாம் நாள் ஒரு பகலும் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை எழுதப் போகிறோம். முட்டைச் சோதனை செய்த அதே பள்ளி. கம்பை எங்கே நடுவது என்று அந்தப் பையனின் அப்பா காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.