கடலில் போன உயிருக்கும் சொக்சோ பென்ஷன் உண்டு

லீவு நாளில் பத்து பெரிங்கி கடலில் அலை இழுத்துப் போய் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். "இது வேலை விபத்து இல்லையேக்கா, சொக்சோ வராது" என்று அவருடைய கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். சொக்சோ என்பது மலேசியாவில் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளோடு பேசாமல் திரும்பி வந்துவிட்டார். மனு போடவே இல்லை. பினாங்கில் இப்படி ஏமாந்து நிற்பவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சொக்சோவின் இயலாமைத் திட்டம் 24 மணி நேரமும் காக்கும். 60 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. கவுண்டரில் "பென்ச்சென் பெனாகாட்", அதாவது வாரிசு பென்ஷன், என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இறப்பதற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா வேண்டும். அது இல்லையென்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். முதன்முதலில் சந்தா கட்ட வேண்டிய மாதத்திலிருந்து கணக்கிட்டு, மூன்றில் ஒரு பங்கு மாதங்கள் கட்டியிருந்தால் குறைந்த விகிதத்தில் கிடைக்கும். அதிலும் 24 சந்தாவுக்குக் குறையக் கூடாது.

சம்பளச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். உங்கள் பங்குக்குச் சொக்சோ பிடித்திருக்கிறார்களா? முதலாளி மட்டும் கட்டும் இரண்டாம் பிரிவு வேலை விபத்துக்கு மட்டும்தான். 2017 சட்டப்படி சுயதொழில் செய்வோர் கட்டுவதும் அப்படித்தான். குளிக்கப் போன நாளில் அது கைகொடுக்காது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது திருமணப் பத்திரத்தில். 1982 மார்ச்சிலிருந்து பதிவு கட்டாயம். கோயிலில் தாலி கட்டிய போட்டோவைக் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். பதியாதவர்கள் இந்த வாரமே தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். பென்ஷனில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு மீதி இரண்டு. கல்யாணமாகாத பையன் போய்விட்டால் பெற்றோர் கேட்கலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.

மூழ்கி இறந்தால் போலீஸ் ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை என்று அலைய வேண்டியிருக்கும். அழுகைக்கு நடுவிலும் ஒருவர் நிதானமாக இருந்து, இறப்புப் பத்திரத்தில் பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். வேலைக்கு லீவு போட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

கொடுத்த பாரத்துக்கெல்லாம் தேதியுடன் சாப் (முத்திரை) வாங்குங்கள். "கிடைக்காது" என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும்.