மோட்டார் புரதத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொங்கு நாட்டில் மோட்டார் என்றதும் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற மோட்டார்தான் நினைவுக்கு வரும். அதனால் உயிரியல் வகுப்பில் ‘மோட்டார் புரதம்’ என்று கேட்கிற கோவைப் பக்கத்துப் பிள்ளை, நரம்பு செல்லுக்குள் ஏதோ சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்ளும். லத்தீனில் மோட்டார் என்றால் ‘நகர்த்துவது’, அவ்வளவுதான். சுற்றுவது என்ற பொருள் அதில் இல்லை.

நரம்பு செல்லில் உள்ள மோட்டார் புரதங்கள் செல்லுக்குள் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. கினெசின் என்பதை எடுத்துக்கொள்வோம். நுண்குழல் என்ற மெல்லிய தடத்தின்மேல் இரண்டு முனைகளை மாற்றி மாற்றி வைத்து, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 8 நானோமீட்டர் முன்னேறும். மறுபுறம் சரக்குப் பை தொங்கும். நரம்பு செல்லின் நீண்ட இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். அடிமுதுகிலிருந்து பாதம்வரை போகும் ஆக்ஸான் ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி உட்கரு இருக்கிற செல் உடலில்தான் தயாராகிறது. தானாகப் பரவி அவ்வளவு தூரம் போய்ச் சேராது, யாராவது சுமந்துதான் போக வேண்டும். விரைவுச் சரக்கு நாளுக்கு 400 மில்லிமீட்டர்வரைகூடப் போகும்.

கினெசினை 1985இல் ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானை ஆராய்ந்தபோது பிரித்தெடுத்தார்கள். ‘நகர்த்து’ என்ற கிரேக்க வினையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எதிர்த்திசையில், அதாவது ஆக்ஸான் நுனியிலிருந்து செல் உடலை நோக்கிச் சுமப்பது டைனீன். அதற்கு 1965இல் பெயர் வைத்தபோது விசையின் அலகான ‘டைன்’ என்பதிலிருந்து எடுத்தார்கள்.

விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் பக்கத்தில் ‘விசைப்புரதம்’ என்றால் உடனே பிடிபடும். ஆனால் விசை டைனீனின் பெயருக்குள் இருப்பது, மொத்த இனத்துக்கும் அதை வைத்தால் குழப்பம். ‘இயக்கப் புரதம்’ என்றும் எழுதலாம், ஆனால் இயக்கத்தோடு தொடர்புள்ள எந்தப் புரதத்தையும் அது குறித்துவிடும். என் தேர்வு ‘இயக்கு புரதம்’. வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. இயங்குதல் என்றால் நடத்தல், செல்லுதல். பழந்தமிழில் இயவு என்றால் வழி. தடத்தில் நடக்கிற புரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

சரி, வளரும் நரம்பு செல்லில் இந்தப் புரதங்களுக்கு என்ன வேலை? இங்கே சுமை தூக்குவதோடு நிற்பதில்லை. பழ ஈயின் நரம்பு செல்களில் கினெசின் நுண்குழல்களையே ஒன்றின்மேல் ஒன்றாக வழுக்கித் தள்ளுகிறது. உருண்டையான செல்லிலிருந்து முதல் கிளை அப்படித்தான் வெளியே துருத்துகிறது. கருவின் மூளையில் புது நரம்பு செல் தன் இடத்துக்கு நகரும்போது, உட்கருவை முன்னே இழுப்பதில் டைனீனுக்குப் பெரும்பங்கு. அதற்குத் துணைநிற்கும் லிஸ்1 புரதத்தின் மரபணு பழுதானால் செல்கள் பாதியிலேயே நின்றுவிடும். மடிப்புகள் உருவாகாமல், வழவழப்பான மூளையோடு குழந்தை பிறக்கும். இந்த நிலைக்கு லிசென்செபாலி என்று பெயர்.