பற்பதியம்: ‘டென்டல் இம்ப்ளான்ட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

“இம்ப்ளான்ட் பல் கட்டியிருக்கிறேன்” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ஆனால் இம்ப்ளான்ட் என்ற சொல் குறிப்பது வெளியே தெரியும் பல்லை அல்ல, தாடை எலும்புக்குள் போகும் வேரை. திருகாணி போல மரை வெட்டிய சிறு டைட்டானியத் தண்டு அது. நீளம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் தலையில் ஓர் இணைப்புத் துண்டைப் பூட்டி, அதன்மேல் பல் வடிவத்தில் கேப் மாட்டுவார்கள். நாம் மெல்லுவது அந்தக் கேப்பால்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் ‘பிளான்டா’ என்றால் நடுவதற்கென வெட்டிய துளிர், போத்து. அதிலிருந்து ‘நடுதல்’ என்ற பொருளில் ‘பிளான்டாரே’ வந்தது. ‘உள்ளே’ என்ற முன்னொட்டும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் இம்ப்ளான்ட் ஆயிற்று. ஆக இது தோட்டத்திலிருந்து வந்த சொல். ‘டென்டல்’ நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. லத்தீனில் பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’, சமஸ்கிருத ‘தந்த’ இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. யானைத் தந்தம் என்று நாம் சொல்வது அந்தத் ‘தந்த’தான்.

தமிழில் ‘பல் உள்வைப்பு’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை. உடலுக்குள் வைக்கும் பல கருவிகளுக்கும் பொதுவான சொல் அது. ஆனால் பெட்டிக்குள் ஒரு பொருளை வைப்பதும் உள்வைப்புதானே? வைத்ததை எலும்பு பிடித்துக்கொள்ளும் செய்தி அதில் இல்லை. ‘பல் மாற்று’ இன்னும் பொருந்தாது. உறுப்பு மாற்று என்றால் ஓர் உயிருள்ள உறுப்பை இடம் மாற்றுவது. இங்கே போவது உலோகம்.

என் தேர்வு ‘பதியம்’. பல்லோடு சேர்ந்தால் பற்பசை போலவே பற்பதியம் ஆகும். கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதைப் பதியம் போடுதல் என்கிறோம். கல் பதித்த மோதிரம் என்பதிலும் அதே ‘பதி’தான். இந்த வினைக்கு இரண்டு முகம் உண்டு: ஒருவர் பதிக்கிறார், அப்புறம் அது பதிகிறது. இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த இரண்டு வினைக்குள் அடங்கிவிடுகிறது. பதிப்பது மருத்துவரின் வேலை. ஒரு தண்டு என்றால் பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். பதிவது எலும்பின் வேலை. அதற்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

எலும்பு இப்படிப் பிடிப்பதைக் கவனித்து விடாமல் பின்தொடர்ந்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க். 1952இல் எலும்புக்குள் நடக்கும் ரத்த ஓட்டத்தை ஆராய, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்போடு ஒன்றாகியிருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் தண்டுகளைப் பதித்தார். இந்தப் பிடிப்புக்கு அவர் தந்த பெயர் ‘ஆசியோஇன்டக்ரேஷன்’. ‘எலும்பிணைவு’ என்று சொன்னால் நமக்கு உடனே புரியும். இணைந்த தண்டைச் சிறு உலோகக் கருவியால் தட்டினால் ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும். இணையாதது மந்தமாகக் கேட்கும்.

பதியத்தோடு உள்ள ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. செடி தானே வேர்விடும். டைட்டானியம் எதுவும் விடாது, எலும்புதான் வளர்ந்துவந்து மரையின் இடுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற மெல்லிய நார்த்திசு இருக்கும், பற்பதியத்துக்கு அது கிடையாது. மண் கெட்டால் பதியம் பிடிக்காது என்பது மட்டும் செடிக்கும் தண்டுக்கும் பொது. புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் அந்தப் பிடிப்பைக் கெடுக்கும்.

விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜுக்கு ‘பல் கட்டுவது’ என்ற சொல் சரி, பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின்மேல்தானே கட்டுகிறார்கள். கழற்றி மாட்டுவது பல்செட். எலும்பில் ஊன்றுவதற்கு மட்டும் பதியம் என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். பேச்சில் இப்படி வரும்: “கடைவாய்ப் பல்லுக்குப் பதியம் போட்டாச்சு, இன்னும் சரியாப் பதியலை, பதிஞ்சதும் கேப் மாட்டுவாங்க.”