தாஸ்காவில் வளரும் குழந்தைக்குத் தமிழ் ஒலி எப்படிப் பிடிபடுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். 98 நாள் பேறுகால விடுப்பு முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது ஏழு மாதமாகும் அவருடைய குழந்தை பகல் முழுவதும் தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில், இருக்கிறது. அங்கே பார்த்துக்கொள்பவர் ஒரு மலாய்க்கார அம்மா. "பிள்ளைக்கு நாக்குக் குழம்பிப்போகும், தமிழே வராது" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் இப்படியொரு கவலைக்கு அவ்வளவாக இடமிருக்கவில்லை. ஆயாவும் தமிழ், அக்கம்பக்கத்துப் பேச்சும் பெரும்பாலும் தமிழ்.

காது கருவிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்பதும், பிறந்த குழந்தை தாயின் குரலை அறியும் என்பதும் பலருக்கும் தெரிந்தவையே. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு, இந்தியில் உள்ள இருவகைத் தகர ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள்: ஒன்று நாக்குப் பல்லைத் தொடுவது, மற்றொன்று நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடுவது. நம் 'பத்து', 'பட்டு' என்னும் சொற்களைப் பிரிப்பதும் இதே வேறுபாடுதான். தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கு ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால், பக்கத்திலுள்ள இருண்ட பெட்டியில் விளக்கெரிந்து பொம்மை ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. காது மங்கிவிடவில்லை, தன்னைச் சுற்றிலும் பயன்படாத வேறுபாட்டை மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது.

எது பயன்படும், எது பயன்படாது என்று ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாத குழந்தை எப்படி முடிவு செய்கிறது? என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடந்தான். ஒரே ஒலியை இருவர் சொன்னாலும், ஏன், ஒருவரே இருமுறை சொன்னாலும், அது சற்று வேறுபட்டே வரும். எனினும் அந்த வேறுபாடுகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. திருவிழா நாளில் கோயில் மதிலோரம் செருப்புகள் இரண்டு குவியலாகக் கிடந்தால், உள்ளே போகாமலே அங்கு இரண்டு வாசல் உண்டென்று ஊகித்துவிடலாம் அல்லவா? தமிழ் பேசும் வீட்டில் தகரமும் டகரமும் அப்படி இரண்டு குவியலாகக் குழந்தையின் காதில் விழுகின்றன. ஆங்கிலம் பேசும் வீட்டில் ஒரே குவியல். 2002-இல் ஜெசிக்கா மேயும் வெர்க்கரும் மற்றொருவரும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறும் எட்டு ஒலிகளைச் செய்து, ஆறு, எட்டு மாதக் குழந்தைகளில் ஒரு குழுவினருக்கு இரு ஓரங்களையும் ஒட்டியவற்றையும், மற்றக் குழுவினருக்கு நடுவிலுள்ளவற்றையும் அதிகமாகக் கேட்கச் செய்தார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே அது நடந்தது. அதற்குள் முதல் குழுவினர் ஓரத்து ஒலிகள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள், மற்றவர்கள் அறியவில்லை. யாரும் கற்பிக்காமல், கேட்டதன் எண்ணிக்கையிலிருந்தே பிஞ்சு மூளை ஒலிகளை வகைப்படுத்துகிறது.

அப்படியானால் தாஸ்காவில் தமிழ்ப் பாட்டுக் காணொளியை ஓடவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. 2003-இல் பட்ரிஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மாண்டரின் பேசுபவர்களைப் பன்னிரண்டு தடவை நேரில் விளையாட வைத்தபோது, அம்மொழிக்குரிய ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்களும் ஒலிப்பதிவாக மட்டும் கேட்டவர்களும் கற்கவில்லை. முகம் பார்த்துப் பேசும் ஆள் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்னும் நம் நாட்டுத் தாஸ்கா விதியை நான் வெறும் பாதுகாப்பு விதியாகப் பார்ப்பதில்லை. ஆறேழு குழந்தைகளைப் பார்ப்பவருக்குப் பால் கலக்கவும் துணி மாற்றவுமே நேரம் சரியாகிவிடும், கொஞ்சிப் பேச எங்கே நேரம்?

ஆகவே மலாய்க்கார அம்மா பேசட்டும், நன்றாகப் பேசட்டும். இரு மொழி கேட்டு வளரும் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரு வயதில், வழக்கமான காலத்திலேயே, முதல் சொல்லைச் சொல்கிறார்கள். தமிழுக்கு வேண்டியது மாலையில் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் வீட்டார் முகத்துக்கு நேரே பேசும் பேச்சு. கவலைப்படும் மாமியாரே அதற்கு மிகப் பொருத்தமானவர். ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும்: பேச்சு வரட்டும் என்று வசம்பைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

மூன்று நான்கு மொழிகள் ஒரே கூரையின்கீழ் ஒலிக்கும் நம் தோட்டப்புறச் சிறுநகரத் தாஸ்காக்கள் இத்தகைய ஆய்வுக்குக் கிடைத்தற்கரிய களம். ஓர் ஒலிபெருக்கி, ஓர் இருண்ட பெட்டி, ஆடும் பொம்மை ஆகியவற்றுக்குப் பெரிய செலவாகாது. நம் பல்கலைக்கழகங்கள் இதற்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகி கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. குழந்தை பத்து மாதமாகியும் 'பாபா', 'தாதா' என்று மழலை பேசாவிட்டாலோ, கதவு தடாரென்று சாத்தினாலும் திடுக்கிடாவிட்டாலோ, இரண்டு மொழிகளின்மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி உடனே செவித்திறனைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.